மயிலா, இல்லையா

சமூகரெங்கபுரத்துக்கு மேற்கே, எங்கள் மோட்டார் ரூமில்
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று
கடலைக்காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
நொடிக்கு நாலு படம்.
ஒவ்வொரு படத்திடமும் ஒரே கேள்வி:
மயிலா, இல்லையா.
மயில் என்றால் ஹாரன் அடிக்கணும்.
பழைய லாரி ஹாரன், வள்ளியூரில் நூற்றியெண்பது ரூபாய்.

சித்திரையில் அது யோசித்து யோசித்தே கொதித்தது.
சொசைட்டி கவுண்டரில் நகைக்கடன் ரசீது போட்டுக்கொண்டே
போனில் எண் ஏறுவதைப் பார்ப்பேன்.
எழுபத்தொன்பது. எண்பத்திரண்டு. எண்பத்தைந்து.
அதற்குமேல் தானாகவே மெதுவாகிவிடும்,
மேட்டில் சைக்கிளை விட்டிறங்கி உருட்டுகிறவன் மாதிரி.
அன்று ஐந்து மயில்
ஒரு பாத்தியைக் கிண்டித் தின்று
வேலி தாண்டிப் போய் வெகுநேரம் கழித்து
ஹாரன் அடித்தது.
பக்கத்துக் காட்டுத் தங்கப்பழம் கேட்டார்:
"வழியனுப்பி வைக்கோ, உங்க மெஷினு?"

முதலில் அலுமினியம்.
மைக்செட் முத்துக்குட்டியிடம் எரிந்த ஆம்ப்ளிஃபயர் கிடந்தது,
கொடைக்கு விடிய விடியக் கத்தியது.
அதன் முதுகில் சீப்புப் பல்லாக நின்ற தகட்டை
இரண்டு ராத்திரி ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன்.
இடையில் தடவும் வெள்ளைப் பசை
கடுகளவு போதுமாம்.
நான் இட்லிக்குச் சட்னி போல வைத்திருந்தேன்.
எண்பத்தொன்று.

பிறகு தண்ணீர்.
மோட்டார் ஓடும்போது இரும்புக் குழாய் சில்லென்று வியர்க்கும்.
செப்புப் பட்டையால் தகட்டையும் குழாயையும் சேர்த்துக் கட்டினேன்.
நாற்பத்திநாலு!
ஆனால் மும்முனை கரண்ட் ராத்திரி பதினொன்றுக்கு வந்து
விடியுமுன்னே போகிறது.
மயில் வருவது சாயங்காலம் நாலு மணிக்கு.
ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தலையோடு
இருட்டைப் பார்த்து அது சொல்லிக்கொண்டிருந்தது:
இல்லை. இல்லை. இல்லை. இல்லை.

கடைசியாக விசிறி. ஜங்ஷனில் அறுபத்தைந்து ரூபாய்.
நாலு சென்டிமீட்டர், கைக்குழந்தையின் உள்ளங்கை.
ஸ்டிக்கர் இருக்கும் பக்கம்தான் காற்று போகும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை, ஒரு ஊதுபத்தி சொன்னது.
திருப்பி மாட்டினேன்.
பத்தாம் நாள் கிர்ரென்றது. திறந்தால்
இறகெல்லாம் தேரிச் செம்மண்.
கொசுவலைத் துண்டு கட்டினேன், மண் நின்றது,
காற்றும் நின்றது.

பொன்னுத்துரை காற்றாலை மேலே எண்பது மீட்டரில் வேலை.
கிரீஸ் கையைச் சீயக்காயில் தேய்த்துக்கொண்டே சிரித்தார்:
"அத்தன காத்துக்கு நடுவுல
எங்க கியர்பாக்ஸே வெந்துபோய்க் கெடக்கு. உனக்கென்ன."
ராத்திரி புரண்டு படுத்தபோது தோன்றியது:
உள்ளே வர வழி வைத்தேனே,
வெளியே போக வைத்தேனா?
டார்ச்சோடு எழுந்து போய்
டப்பாவின் மேல்மூலையில் ஒரு வரிசை ஓட்டை,
எதிர்ச்சுவரில் ஒரு செங்கல் பேர்த்தேன்.
அறுபத்தெட்டு.

கணக்கு எழுதுகிறவள் புத்தி, சும்மா இருக்காது.
வெளியே அந்த ராட்சச இறகு காற்றை வாங்கிக் கரண்ட் ஆக்கி
சப்ஸ்டேஷன் போய், கம்பம் கம்பமாகத் திரும்பி வந்து
இந்த அறுபத்தைந்து ரூபாய் விசிறியில்
மறுபடி காற்றாகிறது.
வழியில் யார் யாருக்கு எவ்வளவு கமிஷனோ.

வைகாசியில் ஒருநாள் களை பார்க்கக் குனிந்தேன்.
தலைக்குமேல் ஹாரன் அலறியது.
போனில் என் படம், மயில்கழுத்துச் சேலை,
பக்கத்தில் எண்பத்தாறு சதவீதம்.
திட்ட வாயெடுத்து வெப்பத்தைப் பார்த்தேன்.
அறுபத்தேழு. தெளிவாகத்தான் இருந்திருக்கிறது.

ஆடி பிறந்து மேற்கே கணவாய் திறந்துகொண்டது.
கொடியில் துணி நிற்கவில்லை.
கடலை பிடுங்க இன்னும் மூன்று வாரம்.
நேற்று கரண்ட் போனதும் டப்பாவை எடுத்துவரப் போனேன்.
திரை இருட்டு. பச்சை விளக்கும் இல்லை.
சுவரோட்டை வழியே காற்று ஊதிக்கொண்டிருந்தது.
விசிறி மட்டும்
சுற்றிக்கொண்டிருந்தது.