ஆறப் பொறுத்தல்

வார்சா, இண்டியானா. ஜனவரி.
ஏரி உறைந்து மூன்று வாரம்.
இந்த ஊரில் சோளத்துக்கு அடுத்தபடி
விளைவது இடுப்பு மூட்டு.

மூன்றாம் சாவடியில் எனக்கு இரவுமுறை.
மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய
நாற்பது டைட்டேனியத் தண்டுகள்.
தூள், எலும்பின் சுண்ணம்.
ஆர்கான் சுடருக்குள் போகையில் மாவு,
வெளியே வருகையில் துளி,
தண்டில் விழுந்தால்
சுவரில் அறைந்த வறட்டி.
(லோரெட்டாவிடம் பான்கேக் என்றேன்.)
ஒன்றின்மேல் ஒன்றாக ஆயிரமாயிரம்.
இடையில் கொஞ்சம் காற்று தங்கும்.
தங்கட்டும், எலும்பு வேர்விட இடம் வேண்டும்.
அதிகம் தங்கினால் உரியும்.

அன்று சரக்கு வாசலைத் திறந்தவர்கள்
மூட மறந்தார்கள்.
பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி
என் சாவடிவரை நடந்து வந்தது.
மின்னோட்டம் அதே, தூரம் அதே,
தூள் அதே தூள்,
வெள்ளையும் அதே வெள்ளை.
கையெழுத்திட்டேன்.

காலையில் வெண்டெல்
எக்ஸ்ரே வரைபடத்தை விரித்தான்.
ஊசி ஊசியாய் நிற்க வேண்டிய இடத்தில்
ஒரு கூன்.
பாதி கண்ணாடி, என்றான்.
வரிசையில் நிற்க நேரம் கிடைக்காத துளி
நின்ற இடத்திலேயே உறைந்திருக்கிறது.
உடம்பின் உப்புநீரில் கரைந்துவிடும்,
எலும்பு வந்து பற்றும் முன்னே.

ஆக்கப் பொறுத்தது, ஆறப் பொறுக்கவில்லை.
துளியைச் சொல்கிறேன்.
என்னையும்தான்.

உலையில் மெல்லச் சூடேற்றினால்
வரிசை திரும்பும் என்றார்கள்.
சுருங்கி விரிசல் விடும் என்றும் அவர்களே.
மூன்று தண்டுகளில் பசை ஒட்டி இழுத்தோம்.
ஒன்று தாங்கியது.
இன்னொன்றும் தாங்கியது.
மூன்றாவதன் மேலோடு கழன்று வந்தது,
அவித்த முட்டைபோல.

லோரெட்டா பெட்டி கட்டும் பிரிவில்.
பிப்ரவரி ஒன்பதில் அவளுக்கே இடுப்பு.
எந்தக் கம்பெனி மூட்டு என்று
டாக்டர் சொல்லவில்லையாம்.
"உன் கை பட்டதாக இருந்தால் நல்லது"
என்றாள், தண்ணீர் பிடிக்க நொண்டி வந்து.
நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதும் சிவப்புத் தொட்டிக்குப் போயின.
முதல் பதினெட்டு, கதவு திறக்குமுன் பூசியவை.
நல்லவையாக இருக்கலாம்.
எவை அந்தப் பதினெட்டு என்று
தட்டு சொல்லாது.

சரக்கு வாசலில் இப்போது ஓர் அட்டை:
மூடவும்.
என் எழுத்து. அடியில் யாரோ
ஒரு சிரிப்பு முகம் வரைந்திருக்கிறார்கள்.

இன்றிரவு முதல் பத்து நிமிடம்
தூளைத் திறக்கவில்லை.
தண்டுகள் சூடாகட்டும் என்று நின்றேன்.
பூசி முடித்தும்
கை வைக்காமல் நின்றேன்.
கிரெக் கடிகாரத்தைப் பார்த்தான்.
நான் பார்க்கவில்லை.