எடைக்காரன்

அம்பத்தாறு ஐப்பசி. குளச்சலில் கப்பல் இல்லை.
முந்திரிக்கொட்டை மூட்டை பதினெட்டு,
படிக்கல் ஏழு, தராசின்மேல் பல்லி ஒன்று,
சூப்ரண்டு நாற்காலி. காலி.

அதற்கு இரண்டு பேர்:
ஞானாபரணம் சார், சிவதாணு சார்.
ஒரே மைக்கூட்டில் தொட்டு எழுதுவார்கள்.
ஒருவர் தொட்ட மூடியை
மற்றவர் துடைத்துவிட்டுத் திறப்பார்.

நான் எடைக்காரன். ஒன்றுதான் சொன்னேன்:
ஞானாபரணம் சாருக்குத் திருவனந்தபுரத்துத் தபால்.
அதுவும் சிவதாணு சார் கேட்டதால்.

சாயக்கடைக்கு நான் போய்ச்சேருமுன்
அது மலையாளத்தில் எழுதிய மனுவாகியிருந்தது.
மணவாளக்குறிச்சியில் மனுவுக்குக் கீழே
நாற்பது கையெழுத்து. இரணியலில் பணம்.
தக்கலையில் தொகையே சொன்னார்கள், அணா சுத்தமாக.
"அவரு அந்தப் பக்கத்து ஆளாக்கும் வே"
என்று எனக்கே வந்து சொன்னான்
வலைக்காரன் மரியசெபஸ்தி,
காதுக்குள் மீன்வாடை அடிக்க.

நவம்பர் ஒன்று. வெடி, லட்டு,
சுவர்ப்படத்தில் பென்சிலால் புதிய எல்லை.
நாற்காலியில் சிவதாணு சார்.
ஞானாபரணம் சாருக்குக் களியக்காவிளை,
அந்தப் பென்சில் கோட்டின் மேலேயே.

மேசையை ஒழித்தவர்
தபாலை என் கையில் வைத்தார். எதற்கென்று சொல்லவில்லை.
சாலைக் கம்போளத்துக் கண்ணாடிக் கடை.
இடது கண்ணுக்குப் புது வில்லை தயார்.
பாக்கி மூன்று ரூபாய்.

"என்னடே கையிலே?" என்றார் புது சூப்ரண்டு.
"ஒண்ணுமில்ல சார்."

அன்று சாயங்காலம் சாயக்கடையில்
பெஞ்சில் இடம் விட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள்:
"சிவதாணு சாரு எதையோ
உன்கிட்ட ஒளிக்கக் குடுத்தாராமே?"

சாயாவில் ஆடை படிந்திருந்தது.
ஊதி விலக்கிக்கொண்டிருந்தேன்,
கொஞ்சம் அதிக நேரம்.