அக்னி டவுன்

பதினொரு தெரு, ஒரு சர்ச், ஒரு மசூதி,
இடுப்புயரத்தில் ஒரு முனீஸ்வரன்,
இருபத்தாறு வால்வு.
பெங்களூர் மேப்பை மடித்தால்
சரியாக மடிப்பில் விழுந்து தேய்ந்துபோகிற இடம்.

ஆக்னியூ என்றொரு தண்டுத் துரை.
பிளேக்குக்கு அடுத்த வருஷம்
நெரிசலில் செத்தது போதுமென்று
ஏரிக்கோடியில் கயிறு பிடித்துத் தெரு போட்டார்.
மறுமுனையைப் பிடித்தவன்
வாலாஜாபேட்டையிலிருந்து வந்த குப்பாண்டி.
துரை பெயர் பலகையில் நின்றது.
குப்பாண்டி கொஞ்சம் கோணலாகப் பிடித்தது
மூன்றாம் தெருவாக இன்னும் நிற்கிறது.

பலகையில் நின்ற பெயர்
வாயில் நிற்கவில்லை.
ஆக்னியூ ஆக்கினியாகி
ஆக்கினி அக்னியாகி
அப்புறம் அதற்கொரு ரிஷியும் வந்துவிட்டார்,
இங்கேதான் யாகம் செய்தாராம்.
கார்ப்பரேஷன் நம்பிவிட்டது.
கன்னடத்தில் 'அக்னி நகர' என்று பச்சைப் பலகை.
யாகம் நடந்த இடம்
என் ரிஜிஸ்டர்படி எட்டாம் நம்பர் வால்வு.
ஆறடி தோண்டினால்
ஏரிச்சேறு வரும், கறுப்பாய், நத்தையோட்டோடு.
சாம்பல் வந்ததில்லை.

வீடுகளைப் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள்.
குரங்குத்தொப்பி ஜன்னல், சிவப்பு ஆக்சைடு தரை,
பட்டாளத்துக்கு ரொட்டி போட்ட தேவசகாயம் வீட்டு அடுப்பு,
சாயங்காலமானால் லாப்போர்ட் பங்களாவில் கிளாரினெட்.
எனக்கு வீடுகளின் முதுகுதான் தெரியும்.
இரண்டு வரிசைக்கு நடுவே
எட்டடி அகலத்தில் ஒரு கக்கூஸ் சந்து.
விலாசமில்லாத தெரு.
வாளியோடு எங்கள் ஆட்கள்
எழுபது வருஷம் அந்த வழியாகவே வந்து
அந்த வழியாகவே போனார்கள்.
பிறகு குழாய் வந்தது, அதுவும் அந்தச் சந்தில்தான்.
மீட்டர் படிக்கப் போன வருஷம்
முன்கேட்டின் கொக்கியைத் தூக்கினேன்.
எந்தப் பக்கம் தள்ளுவதென்று
ஒரு நிமிஷம் தெரியவில்லை.

பெயருக்கேற்றபடி ஊர் எரிந்தது ஒரே ஒரு ராத்திரி.
தொண்ணூற்றொன்று, டிசம்பர்.
மரியசெல்வம் சைக்கிள் கடை,
வாசகசாலையின் தமிழ்ப் பலகை,
ஒரு தள்ளுவண்டி, அதிலிருந்த வேர்க்கடலை.
எந்த ஆற்றுக்காக எரிந்ததோ
அந்த ஆறு அன்றைக்கும்
காலடியில் ஆறங்குலக் குழாயில் மூடிக் கிடந்தது.
எனக்கு முன் வால்வு திருப்பிய புட்டசாமய்யா
முறையில்லாத நாளில்
முறையில்லாத நேரத்தில்
அதைத் திறந்துவிட்டார்.
வாளி வாளியாக எடுத்து ஊற்றினார்கள்.
மறுநாள் ரிஜிஸ்டரில் எழுதினார்:
எட்டாம் நம்பர், கசிவு, இரண்டு மணி நேரம்.
அதற்குப் போட்ட மெமோவையும்
அதே பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.
இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.
சாவியைக் கொடுத்தபோது சொன்னது,
'பன்னிரண்டாம் நம்பரை வேகமாகத் திருப்பாதே, உடையும்.'

இப்போது நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழாவாம்.
அசோசியேஷன் செக்ரட்டரி ஷ்ருதி ஹெக்டே
மலருக்கு ஒரு பக்கம் கேட்கிறார்.
'உங்களுக்குத்தான் அண்ணா எல்லாம் தெரியும்,
ஹேப்பியாக இருக்கட்டும்.'
துரையை எழுதினேன். கிளாரினெட்டை எழுதினேன்.
சந்து என்று எழுதி
'பின்பக்கப் பாதை' என்று திருத்தி
மறுபடி சந்து என்றே எழுதினேன்.
குப்பாண்டிக்கு இனிஷியல் தெரியவில்லை.
ரிஷியை எடுக்கவேண்டாம் என்றார்கள்,
விருந்தினர் அதைத்தான் எதிர்பார்ப்பார்களாம்.

ஒருநாள் விட்டு ஒருநாள், விடியல் நாலரை.
டீக் கம்பியைப் பள்ளத்தில் இறக்கிப் பதினான்கு சுற்று.
முதலில் காற்று வரும், ஊரே இருமுகிற மாதிரி.
பிறகு ஒவ்வொரு தொட்டியாகச் சத்தம் மாறும்.
லாப்போர்ட் பங்களா இடித்து
இரண்டு வருஷமாகத் தகரவேலிக்குள் காலிமனை.
இணைப்பை யாரும் அடைக்கவில்லை.
அங்கேயும் போகிறது தண்ணீர்,
குளியலறை இருந்த மூலைக்கு.
கொஞ்சம் கோரை முளைத்திருக்கிறது.
நேற்று ஒரு நீர்க்கோழி.

ரிஜிஸ்டரில் எழுதினேன்:
கசிவு.