வரவேண்டிய பாக்கி

மண்டபத்தில் ஐஸ் ஆலைக் கணக்கு என்னுடையது.
எந்தப் படகுக்கு எத்தனை கட்டி,
யார் கையில் காசு, யார் வாயில் நாளை.
ஏப்ரல் பாதியில் தடைக்காலம் தொடங்கினால்
அமோனியா நெடி மட்டும் வேலைக்கு வரும்.
அந்த அறுபத்தொரு நாளில்தான்
கம்பெனி ஆண்டறிக்கை படிக்கப் பழகினேன்.

அதற்கு முன்பு நான் படித்தது
ஒரு மனிதரை மட்டும்.
சேலத்துக்காரர், வரதப்பன் என்று பேர்.
நாற்பதாயிரத்தை நானூறு கோடி ஆக்கியவர்.
பேட்டியில் அவருக்குப் பின்னால்
கறகறவென்று ஒரு பழைய மேசை விசிறி.
அந்த விசிறியைப் பார்த்தே நம்பிவிட்டேன்.

அவர் வாங்கியதை வாங்கினேன்.
குளிர்பதனப் பெட்டி செய்யும் கம்பெனி,
முன்னூற்றுப் பத்து ரூபாய், அறுபது பங்கு.
அடகுக்கடைச் சங்கிலியை மீட்க வைத்திருந்த பணம்.
ஒரே பதிவேட்டில் எங்கோ
அவர் பேரும் என் பேரும் என்று நினைத்து
தங்கச்சிமடம் போகும் பேருந்தில்
பாலம் முடியும்வரை தனியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவர் விற்றது எனக்குத் தெரிந்தபோது
காலாண்டு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.
விலை நூற்றெழுபது.
பெரிய ஆள் உள்ளே வரும்போது
ஊருக்கே கேட்கிறது மேளம்;
வெளியே போகும்போது
செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

கோபம் இல்லை என்றால் பொய்.
அதே மாதம் கம்ப்ரசர் ஓட்டும் சிக்கந்தர்
யாரோ காதில் ஊதிய பங்கை வாங்கி
இரட்டிப்பாக்கி, புது பைக்கில் வந்தான்.
அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.
இன்றுவரை இல்லை.

பழைய பேட்டிகளைத் திரும்பக் கேட்டேன்.
இந்த முறை பங்குகளின் பேர் வரும் இடமெல்லாம்
தள்ளிவிட்டு.
ஒன்றில், இரண்டு இருமலுக்கு நடுவே,
யாரும் கேட்காமலே சொல்கிறார்:
"லாபத்தை நான் கடைசியாத்தான் படிப்பேன்."

பின்னாலிருந்து புரட்டினேன்.
நூற்றுப் பதினெட்டாம் பக்கம், பொடி எழுத்து.
விற்பனை ஒன்றரை மடங்கு.
வரவேண்டிய பாக்கி நான்கு மடங்கு.

அட, இதையா எனக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டும்?
என் பேரேட்டில் செபஸ்தியார் படகுக்கு
எழுநூறு கட்டி விற்றதாக நானே எழுதியிருக்கிறேன்.
முதலாளி ரொசாரி கொல்லத்துக்குப் போய் இரண்டு வருடம்.
கட்டி அன்றைக்கே உருகிவிட்டது.
கடன் உருகவில்லை.

அறுபதையும் விற்றேன். நஷ்டத்தைப் பென்சிலால் எழுதவில்லை.

எங்கள் ஆலையில் ஒரு வால்வு இருக்கிறது.
கோயம்புத்தூர்ச் சரக்கு, ஒன்பது வருடமாகக் கசியவில்லை.
முழுப் பணமும் முன்னால் வைத்தால்தான்
லாரியில் ஏற்றுவார்கள்.
ராமேஸ்வரத்திலிருந்து மூக்கையூர்வரை
ஐஸ் ஆலைக்காரர்கள் எல்லோரும் அவர்களைத் திட்டுகிறார்கள்.
திட்டிக்கொண்டே வாங்குகிறார்கள்.

பங்கு ஐந்நூற்று நாற்பது.
அது ஒரு வருடம் சம்பாதிப்பது பதினெட்டு.
பேரேட்டின் கடைசி அட்டையில் குறித்துவைத்தேன்:
இருநூறு வந்தால்.
இரண்டு தடைக்காலம் போனது.
மூன்றாவதில் அவர்கள் ஆலையில் வேலைநிறுத்தம்,
செய்தியில் சிவப்புக் கோடு, நூற்றுத் தொண்ணூற்றாறு.
அத்தனை நாள் காத்திருந்த விரல்
அன்றைக்குப் பார்த்து நடுங்கியது.
வாங்கினேன். நாற்பது.

மறுவாரம் நூற்றெழுபத்தொன்று.

நேற்று தடை முடிந்தது.
நள்ளிரவில் ஐஸ் நொறுக்கும் இயந்திரம்
ஊரையே மெல்லுகிறது.
டீசல் வாடை, டார்ச் வெளிச்சம், வரிசையில் வண்டிகள்.
ரொசாரியின் மகன் சன்னலில் தலையை நீட்டினான்.
அப்பா இல்லாத படகை முதல் தடவை எடுக்கிறான்.
"இருபது கட்டிக்கா. வந்து தாரேன்."

கம்பெனியாக இருந்தால்
இவனைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இருபது என்று எழுதினேன்,
பேனாவால்.