நான்கு விநாடிப் பனி

வானொலி நிலையம் அனுப்பிய ஒப்பந்தத் தாளில்
எமரன்சியாள் என்று என் பெயர் சரியாகவே இருந்தது.
அவள் பெயர்தான் நாடகப் பிரதியில் மூன்று விதமாக:
குளோத்தில்த். குளோத்தில்.
பதினோராம் பக்கத்தில், குளத்தில்.
பிரெஞ்சு மேடையில் நாற்பது வருஷம் நின்றவள்
திருநெல்வேலி வந்ததும்
குளத்தில் விழுந்துவிட்டாள் என்று சிரித்தோம்.

அரை மணி நேரத்தில் ஓர் ஆயுள்.
மூன்றாம் நிமிடம் பிறந்தேன்,
லியோன் நகரத்துச் சலவைக்கடை மச்சில்.
ஏழாம் நிமிடம் மேடையேறினேன். ஒரே வசனம்:
“சீமாட்டி, கடிதம் வந்திருக்கிறது.”
பன்னிரண்டில் நானே சீமாட்டி.
பதினைந்தில் அரசி. விஷம் குடித்தேன்.
எஞ்சினியர், இரண்டு குமாஸ்தா, பிடில்காரர், வாட்ச்மேன்
ஐந்து பேர் கைதட்டினார்கள்;
அதுதான் பாரிஸ்.
அவளுடைய காதலர்கள் இருவரையும்
மேலதிகாரி சிவப்பு மையால் அடித்திருந்தார்.
ஆகவே பதினெட்டாம் நிமிடம்
காரணம் இல்லாமல் அழுதேன்.

குதிரைக்குச் சிரட்டை. மழைக்கு முறத்தில் உளுந்து.
சத்தத்துக்கெல்லாம் மைதீன் பிச்சை இருந்தார்.
கடைசிக் காட்சித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
வெளியே பனி பெய்கிறது.
“பனி விழுந்தா என்னம்மா சத்தம் கேக்கும்?”
மார்கழியில் வாய்க்கால் மேல் நிற்குமே,
அந்தப் பனிதான் எங்களுக்குத் தெரியும்.
ஒத்திகையில் தூத்துக்குடி உப்பைத் தூவிப் பார்த்தார்.
இலவம்பஞ்சைப் பிய்த்துப் பார்த்தார்.
ஒலிபரப்பன்று எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு
உதட்டில் விரலை வைத்தார்.
நான்கு விநாடி.

வீரவநல்லூரில் ஒருவர் பெட்டியை ஓங்கித் தட்டினாராம்.
களக்காட்டில் வால்வு போச்சு என்று எழுந்தே விட்டார்களாம்.
திசையன்விளையில் பேட்டரியைக் கழற்றி மாட்டுவதற்குள்
நான் செத்துப்போனேன்,
ஆளில்லாத அரங்கத்துக்குத் தலை தாழ்த்தி.
தலை தாழ்த்தியது ரேடியோவில் கேட்காது.
தாழ்த்தினேன்.

இருபத்தைந்து ரூபாய்.
பத்துப் பைசா ஸ்டாம்பின் மேல் கையெழுத்து.
சமாதானபுரம் போகிற கடைசி பஸ்ஸில்
கண்டக்டர் சில்லறை இல்லை என்றான்.
தொண்டையில் இன்னும் அவள் இருமல்.

காலையில் எக்ஸ்சேஞ்சில் எட்டு மணி ஷிப்ட்.
ஹெட்போன் மாட்டி, கயிறு சொருகினேன்.
தென்காசிக்கு டிரங்க் கால் கேட்ட குரல்
நம்பரைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றது.
“ஏம்மா, நேத்து ராத்திரி
செத்துப்போனது நீங்கதான?”

“ஆமா” என்றேன்.
“லைன்லயே இருங்க.”