தண்ணி எத்தனை அடியில?

பள்ளிக்கரணையில் குப்பைமேடு முடிந்து
கோரை தொடங்கும் இடத்தில்
எஃகுக் குழலைக் கையால் அழுத்தி இறக்கிக்கொண்டிருந்தோம்.
எதிர் அடுக்ககத்தின் காவலாளி ஏகாம்பரம்
சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.
"தண்ணி எத்தனை அடியில?"

இந்த ஊரில் யார் மண்ணைத் துளைத்தாலும்
முதல் கேள்வி அதுதான்.
சேறு எடுக்கிறோம் என்றேன்.
என்னை ஒரு தரம் பார்த்தார்,
சுற்றிக் கிடந்த சேற்றை ஒரு தரம்.
சிரிக்கவில்லை. அது அவர் பண்பு.

நாலரை மீட்டர், ஒன்பது துண்டு.
பிளாஸ்டிக் தாள் சுற்றி, மேல் எது கீழ் எது என்று குறித்து,
ஷேர் ஆட்டோவில் மூன்று ஆள் இடத்துக்குக் காசு கொடுத்து
தரமணிக்குக் கொண்டுவந்தோம்.

அமிலம் எல்லாவற்றையும் தின்னும்,
மணலை, சிப்பியை, விட்டால் கண்ணாடிக் குடுவையை.
தின்ன முடியாமல் துப்புவது இதை மட்டும்:
ஏதோ ஒரு காலை ஏதோ ஒரு பூ
காற்றில் உதறிய தூசியின் தோல்.
ஆள் போய்விட்டார். சட்டை இருக்கிறது.
தையலைப் பார்த்து ஆளைச் சொல்வது
என் சம்பளம்.

ஒரு மட்டத்துக்கு முன்னூறு மணி.
கட்டைவிரலின் கீழ் எண்ணும் பொத்தான்.
மேலாக, ஒரு சாணுக்குள்,
சவுக்கு, சீமைக்கருவேலம். கப்பலேறி வந்தவை.
அதன் கீழே புல், கோரை,
நெல்லா புல்லா என்று கடைசிவரை சொல்லாத உருண்டைகள்.
ஒன்றே முக்கால் மீட்டரில் கோரையும் அருகி
கரித்துகள் கூடுகிறது.
மழை பொய்த்த தலைமுறைகள்.
அவர்களும் ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்று
அதையேதான் கேட்டிருப்பார்கள்.

பிறகு உமரி. உப்பு.
மூன்றரையில் வெண்கண்டல், தில்லை, சுரபுன்னை,
முன்னூறில் இருநூற்றுப் பதினொன்று.
பொத்தானை நிறுத்தினேன்.
வேளச்சேரி ரயில் கடந்தது, மேஜை நடுங்கியது,
லென்ஸுக்குள் அலையாத்திக் காடு
ஒரு நொடி அசைந்து நின்றது.

முழுக்க நம்பவும் முடியாது.
காற்றை நம்பிய மரங்கள் கோடி கோடியாகத் தூவி
தம்மைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும்.
தேனீயை நம்பிய மரம்
தோப்பாகவே நின்றிருந்தாலும்
ஒரு மணி விட்டுச்செல்லும், அல்லது அதுவும் இல்லை.
என் பட்டியலில் பூச்சியத்துக்கு நேரே
எத்தனை நிழல் இருந்ததோ.

அன்று மாலை, ஆறாயிரம் ஆண்டுச் சேற்றில்
ஒரு மணி புதிதாக, உள்ளே சதையோடு.
ஜன்னலுக்கு வெளியே இயல்வாகை பூத்திருந்தது.
எண்ணக் கூடாது என்பது விதி.
எண்ணவில்லை. தும்மினேன்.

டிசம்பரில் ஏகாம்பரம் ஃபோன் செய்தார்.
"தரைத்தளம் முழுக்கத் தண்ணி மேடம்.
நீங்க தோண்டியே இருக்க வேணாம்."
கடல் இருந்த இடம் அது என்று சொல்ல வாயெடுத்தேன்.
இடுப்பளவில் நிற்கும் ஆளிடம்
அதை எப்படிச் சொல்வது.
சாப்பிட்டீங்களா என்றேன்.

வடிந்தபின் போனபோது
கார் நிறுத்துமிடத்தில் துடைப்பத்தால்
தள்ளிக்கொண்டிருந்தார்:
அரை அங்குலம், கறுப்பு, இன்னும் ஈரம்.
எல்லாவற்றுக்கும் மேல் அடுக்கு.
கொஞ்சம் வேண்டும், டப்பா இருக்கா என்றேன்.
தன் டிபன் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்தார்.
எந்தத் தண்ணீரில் என்று
நான் கேட்கவில்லை.