பதினேழாம் தகடு

பாசல். இருட்டறையில் லேசர் மட்டும் விழித்திருக்கிறது.
தகட்டில் கடுகளவு கண்ணீர்ச் சுரப்பி.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது.
மருத்துவரின் குறிப்பில் ஒரு வரி:
கணவரை அடக்கம் செய்த அன்று அழவில்லையாம்,
அதிலிருந்து நாத்தனார்கள் பேசுவதில்லையாம்.
(நாத்தனார் என்பது என் மொழிபெயர்ப்பு.)

தண்ணீரை வெளியே விடும் புரதத்துக்குப்
பச்சை ஏற்றியிருந்தேன்.
செல்லின் ஓரத்தில், குழாய் திறக்கும் பக்கம்,
மயிரிழைக் கோடாக அது நிற்க வேண்டும்.

கோடு இல்லை.
நடுவயிற்றில் பச்சைக் கும்மல்.
வேலைநிறுத்த நாளில்
பணிமனைக்குள் முட்டி நிற்கும் ட்ராம்கள் மாதிரி
பைபையாய், ஒன்றன்மேல் ஒன்று.

இரண்டு முறை எண்ணினேன். குறைவில்லை.
அத்தனையும் செய்திருக்கிறாள்,
மடித்து, பையிலிட்டு, அனுப்பியும் இருக்கிறாள்.
கதவில்லாத வீடில்லை அது.
கதவு வாசலுக்கு வந்துசேரவில்லை.

படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
'இடம் தவறியுள்ளது, மிதமாக' என்பதில் டிக் போட்டேன்.
கீழே ஜெர்மனில் ஒன்று எழுதி, அழித்து,
மறுபடி எழுதினேன்:
அளவு சரியாகவே இருக்கிறது.
அடிக்கோடும் இட்டேன். யார் வாசிப்பார்களோ.

கடைசி ட்ராம் போய்விட்டிருந்தது.
ரைன் பாலத்தில் எதிர்க்காற்று.
என் கண்கள் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டு வந்தன,
ஒரு துக்கமும் இல்லாமல்.